74 குறைகள் உள்ள இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்: சாவி வாங்கும் முன் பில்டரிடம் எதைக் கட்டாயம் கேட்க வேண்டும்?

கேள்வி: பெரும்பாக்கம்_2பிஎச்கே

வணக்கம். சென்னை பெரும்பாக்கத்தில் ஸ்டில்ட் + 5 மாடிக் கட்டடம், நான்காவது மாடியில் இரண்டு படுக்கையறை வீடு. கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட் வந்துவிட்டது. ஹேண்டோவருக்கு முன்னால் தனியாக ஒரு இன்ஸ்பெக்டரை வைத்துப் பார்த்ததில் 74 குறைகள் என்று ரிப்போர்ட் கொடுத்திருக்கிறார்.

பிரித்துப் பார்த்தால்: பெயின்ட், பட்டி 31. டைல்ஸ் பொந்து சத்தம் 14. கதவு, ஜன்னல் 8. எலக்ட்ரிக்கல் 6. பிளம்பிங், ட்ரெய்ன் 5. விரிசல் 4. ஓதம் 3. சில்லறை விஷயங்கள் 3.

ஓதம் மூன்றில் ஒன்று மாஸ்டர் பெட்ரூமில், பாத்ரூமுக்கு ஒட்டிய சுவரில், ஸ்கர்ட்டிங்குக்கு (சுவரின் அடியில் ஓடும் டைல் பட்டை) மேல் ஒரு அடி உயரத்துக்கு இருக்கிறது. விரிசலில் இரண்டு ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போகின்றன, இரண்டு பீமுக்கும் சுவருக்கும் நடுவே நேர்கோடாக ஓடுகின்றன.

சைட் இன்ஜினியர், "பதினைந்து நாளில் முக்கியமானதை முடித்துத் தருகிறோம், மீதியைக் குடி வந்த பிறகு மெயின்டனன்ஸில் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். எது முக்கியம் என்று எங்களையே எழுதிக் கொடுக்கச் சொல்கிறார். ஹேண்டோவரில் கட்ட வேண்டிய 5% பாக்கி இருக்கிறது. இன்டீரியர்காரர் அடுத்த வாரமே வார்ட்ரோப், லாஃப்ட் வேலை தொடங்கத் தயாராக இருக்கிறார்.

74-ஐயும் அப்படியே கொடுப்பதா, பத்துப் பதினைந்தாகக் குறைப்பதா? குறைத்தால் எதை வைத்துக் குறைப்பது? கையெழுத்துப் போடலாமா?

---

பதில் 1: கட்டுமானத்_தரம்

74-ஐயும் கொடுங்கள், ஆனால் ஒரே பட்டியலாகக் கொடுக்காதீர்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்தால் முதல் நாளே பெயின்டரை அனுப்பி 31-ஐ அடித்துவிட்டு, "பாதிக்குக் கிட்ட முடிந்துவிட்டது சார்" என்பார்கள். ஓதம் அப்படியே இருக்கும், அதன் மேல் புதுப் பெயின்ட் இருக்கும்.

எது கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிகிறது என்று பார்த்து வரிசை போடாதீர்கள். இரண்டு கேள்வி போதும். இன்டீரியர் வேலை முடிந்தால் இது மறைந்துவிடுமா? ஆறு மாதம் கழித்துச் சொன்னால், "உங்கள் கார்பென்டர் துளை போட்டதால் வந்தது" என்று சொல்ல முடியுமா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றால் அது சாவிக்கு முன்னால் முடிய வேண்டியது. அதனால் இன்டீரியர்காரரை இப்போதே நிறுத்துங்கள், அளவு எடுப்பதோடு சரி. சுவரில் ஒரு ட்ரில் விழுந்தாலும் அந்தச் சுவரில் வரும் ஓதம், விரிசல் எல்லாமே வாக்குவாதமாகிவிடும்.

அந்த மாஸ்டர் பெட்ரூம் ஓதம்தான் உங்கள் ரிப்போர்ட்டிலேயே விலை உயர்ந்த வரி. சென்னையில் கட்டப்படும் அடுக்குமாடிகளில் பாத்ரூம் ஸ்லாப்பைப் பெரும்பாலும் தாழ்த்திப் போட்டு, பைப் ஓட்டி, மேலே செங்கல் துண்டோ இலகு கான்கிரீட்டோ நிரப்பி டைல்ஸ் போடுவார்கள். இதுதான் சங்கன் ஸ்லாப். அந்தக் குழியில் தண்ணீர் இறங்கினால் கீழ்வீட்டு சீலிங்கில் தெரிவதற்கு முன்பே பக்கத்து அறைச் சுவரின் அடியில் உறிஞ்சி ஏறிவிடும். ஸ்கர்ட்டிங்குக்கு மேல் ஒரு அடி என்று நீங்கள் சொல்வது அந்த அடையாளத்தோடு பொருந்துகிறது. மேலிருந்து கீழே பட்டையாக ஓதம் வந்திருந்தால் சுவருக்குள் ஓடும் பைப்பைச் சந்தேகிக்கலாம். சீலிங் ஓரம் என்றால் ஐந்தாவது மாடி பாத்ரூம்.

ஆனால் ஊகத்தின் பேரில் ரிப்பேர் கேட்காதீர்கள். காரணத்தைப் பிரிக்கும் சோதனையைக் கேளுங்கள், இந்த வரிசையில்.

முதலில் சப்ளை லைன். ஆங்கிள் காக் எல்லாவற்றையும் அடைத்து, கையால் அடிக்கும் பிரஷர் பம்ப் வைத்து, வேலை அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றி ஒரு மணி நேரம் விட வேண்டும். கேஜ் முள் இறங்கக் கூடாது. முள்ளை ஆரம்பத்திலும் முடிவிலும் போட்டோ எடுங்கள்.

அடுத்து ட்ரெய்ன். ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து, தரையில் சிந்தாமல் ட்ராப்புக்குள் (தரையில் தண்ணீர் இறங்கும் வாய்) மட்டும் ஊற்றுங்கள். இதைப் பத்து வாளி செய்துவிட்டு, கீழ்வீட்டு பாத்ரூம் சீலிங்கிலும் டக்ட்டுக்குள் (பைப்கள் செங்குத்தாக இறங்கும் சந்து) இறங்கும் பைப் இணைப்பிலும் நீலம் தெரிகிறதா பாருங்கள்.

கடைசியாகத் தரை. இதுதான் பாண்டிங் டெஸ்ட். ட்ராப்பை டெஸ்ட் பிளக்கால் அடைக்க வேண்டும். துணியைத் திணித்தால் அதன் வழியாகவே கசிந்து பொய்யான முடிவு வரும். வாசற்படியில் பாலிதீனில் மணல் சுற்றிக் கட்டிக் கரை போடுங்கள். தரையின் மேடான இடத்திலும் 25 மி.மீ. தண்ணீர் நிற்க வேண்டும். சுவர் டைலில் நீர்மட்டத்தை இரண்டு இடத்தில் டேப் ஒட்டிக் குறித்து, கதவைச் சாத்தி 48 மணி நேரம் விடுங்கள். மூடிய பாத்ரூமில் ஆவியாகி ஓரிரு மி.மீ. குறையலாம், அது பரவாயில்லை. அதற்கு மேல் குறைந்தால் முதலில் பிளக்கைச் சந்தேகியுங்கள். டக்ட்டில் அந்த பைப்பில் சொட்டும் சத்தம் கேட்டால் பிளக்கைத்தான் சரி செய்ய வேண்டும், தரையை அல்ல.

இன்னொன்று: குழியில் நிரப்பிய பொருள் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். 48 மணி நேரத்தில் கீழே எதுவும் தெரியாமல் ஐந்தாறு நாள் கழித்துத் தெரிந்ததுண்டு. அதனால் தண்ணீரை இறக்கிய பிறகும் ஒரு வாரம், அந்தச் சுவரில் பென்சிலால் கட்டம் போட்டு, ஒரே இடங்களில் ஈரமானியை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பூச்சில் ஈரமானி காட்டும் எண்ணைத் தனியாக வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. அதே வீட்டில் காய்ந்த உள்சுவர் ஒன்றில் என்ன காட்டுகிறது என்பதோடு ஒப்பிட்டால்தான் அர்த்தம்.

விரிசல். பீமுக்கும் சுவருக்கும் நடுவே நேர்கோடு என்றால், கான்கிரீட்டும் பிளாக் சுவரும் சேரும் இடத்தில் வலை வைக்காமல் பூசியிருக்கிறார்கள் என்பதுதான் வழக்கமான காரணம். ஆபத்து இல்லை. ஆனால் க்ராக் ஃபில்லர் தடவி பெயின்ட் அடித்தால் அடுத்த கோடையில் அதே கோடு திரும்ப வரும். கோட்டின் இரண்டு பக்கமும் 150 மி.மீ. பூச்சைக் கொத்தி, வலை பதித்துப் பூச வேண்டும் என்று எழுதுங்கள்.

ஜன்னல் மூலைச் சாய்வு விரிசலில் பெயின்ட்டையும் பூச்சையும் ஒரு கை அகலத்துக்குச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பூச்சோடு நின்றால் ரிப்பேர். பிளாக்கையும் பிளந்துகொண்டு வெளிச்சுவரில் அதே இடத்தில் தெரிந்தால், லின்டல் (ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் உத்தரம்) இரண்டு பக்கமும் சுவரில் போதுமான அளவு உட்காரவில்லை என்று சந்தேகிக்கலாம். அப்படியானால் கொத்தனார் பதில் செல்லாது, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்து எழுத்தில் தர வேண்டும். பீமிலோ தூணிலோ விரிசல் இருந்து துருக்கறையும் இருந்தால் மற்ற 73-ஐயும் ஓரமாக வைத்துவிட்டு அதை மட்டும் பேசுங்கள். கான்கிரீட்டில் பொதுவாக 0.3 மி.மீ. அகலத்துக்கு மேல் விரிசல் கூடாது என்கிறது ஐ.எஸ். 456. விரிசல் அளக்கும் பிளாஸ்டிக் அட்டை மலிவாகக் கிடைக்கும், அதைப் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுங்கள்.

டைல்ஸ் 14-ஐயும் மாற்றச் சொல்லலாம். என் அபிப்பிராயத்தில் பாத்ரூம் தரை, ஷவர் சுவர், தலை உயரத்துக்கு மேல் உள்ள சுவர் டைல் ஆகியவற்றில் பொந்து இருந்தால் விட்டுக்கொடுக்கவே கூடாது.

---

பதில் 2: வயரிங்_சூப்பர்வைசர்

எலக்ட்ரிக்கல் ஆறுதானேன்னு விட்டுடாதீங்க சார். ரிப்போர்ட்ல என்ன ஆறுன்னு போடலையே? பொதுவா எது வரும்னு சொல்றேன்.

முதல்ல ஆர்சிசிபி, அதாவது கரன்ட் எர்த்துக்குக் கசிஞ்சா உடனே லைனை வெட்டற ஸ்விட்ச். டெஸ்ட் பட்டன் அழுத்தினா விழுதுன்னு சைட்ல காட்டுவாங்க. அது ஆர்சிசிபிக்குள்ள இருக்கற மெக்கானிசம் வேலை செய்யுதுன்னு மட்டும்தான் சொல்லும். எர்த் வயர் பாயின்ட் வரைக்கும் வந்திருக்கான்னு சொல்லாது. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வச்சு ஒவ்வொரு சாக்கெட்டுலயும் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல 100 வாட் குண்டு பல்ப் ஒண்ணைக் காட்டச் சொல்லுங்க. உடனே ஆர்சிசிபி விழுந்தா ரெண்டும் சரி. பல்பும் எரியல, ஆர்சிசிபியும் விழலன்னா அந்தப் பாயின்ட்ல எர்த் இல்லை. பல்ப் நின்னு எரியுதுன்னா எர்த் இருக்கு, ஆனா அந்த சர்க்யூட் ஆர்சிசிபி வழியா வரலை, இல்லன்னா ஆர்சிசிபியே பழுது. நீங்களா செய்யாதீங்க, இதுல வெறும் லைன்ல கை வைக்கற வேலை இருக்கு. வீட்டுக்கு 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி இருக்கணும். 100 மில்லியாம்பியர் போட்டிருந்தா அதை ஆளைக் காப்பாத்தறதுக்குன்னு எடுத்துக்க முடியாது, மாத்தித் தரணும்.

ரெண்டாவது, வயருக்கும் எம்சிபிக்கும் (லோடு மீறினா தானா விழற ஸ்விட்ச்) பொருத்தம். ஏசி பாயின்ட்டுக்கு 2.5 சதுர மி.மீ. வயர் இழுத்துட்டு 32 ஆம்பியர் எம்சிபி போட்டிருப்பாங்க. லோடு ஏறினா எம்சிபி விழறதுக்கு முன்னாடி வயர் சூடாகி இன்சுலேஷன் இளகும். இதுக்குச் சுவரை உடைக்க வேண்டியதில்லை, எம்சிபியை 16 ஆம்பியருக்கு இறக்கினாப் போதும். ஒன்றரை டன் ஏசி எடுக்கறதே ஏழெட்டு ஆம்பியர்தான். ஆனா உங்க அக்ரிமென்ட்ல ஸ்பெசிஃபிகேஷன் பக்கத்துல ஏசிக்கும் கீஸருக்கும் 4 சதுர மி.மீ.ன்னு எழுதியிருந்தா 4 தான் கேட்கணும், அப்ப எம்சிபியை மாத்தறது பதில் ஆகாது. புது வயர் இழுக்கறதா இருந்தா ஃபால்ஸ் சீலிங் போடறதுக்கு முன்னாடி இழுத்தாகணும். ஜங்ஷன் பாக்ஸ் வார்ட்ரோபுக்குப் பின்னாடி போயிடுச்சுன்னா அவ்வளவுதான்.

மூணாவது, யாரும் பார்க்காதது: இன்வெர்ட்டர் நியூட்ரல். இன்வெர்ட்டர் லைனுக்கு நியூட்ரலைத் தனியா கொண்டு வராம பொது நியூட்ரலோட சேர்த்திருந்தா, இன்வெர்ட்டர் வச்ச அன்னிக்கே ஆர்சிசிபி அடிக்கடி விழும். கூப்பிட்ட எலக்ட்ரீஷியன் காரணம் தேடாம ஆர்சிசிபியை பைபாஸ் பண்ணிட்டுப் போயிடுவார். அன்னையிலிருந்து வீட்ல பாதுகாப்பே இல்லை. இப்பவே டிபியை (எம்சிபி எல்லாம் இருக்கற பெட்டி) திறந்து இன்வெர்ட்டர் நியூட்ரல் பார் தனியா இருக்கான்னு போட்டோ கேளுங்க.

சாக்கெட்டுக்கு நேரே நின்னு பார்த்தா வலது துளைல ஃபேஸ் இருக்கணும். மாறியிருந்தா அஞ்சு நிமிஷ வேலை. ஸ்விட்ச் நியூட்ரலை வெட்டற மாதிரி கொடுத்திருந்தா அதுவும் அப்படித்தான். ஆனா அது கொஞ்சம் ஆபத்து, ஸ்விட்சை அணைச்சாலும் ஹோல்டர்ல கரன்ட் இருக்கும். தட்டு ஆடுது, கோணலா இருக்கு இதெல்லாம் கடைசிப் பட்டியல்ல போடுங்க.

---

பதில் 3: பில்டர்_பக்க_க்யூசி

நான் எதிர்ப் பக்கத்தில் இந்தப் பட்டியல்களை வாங்கி மூடும் வேலையில் இருப்பவன். எந்த வரி உடனே வேலையாகிறது, எது இழுக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

"பாத்ரூம் டைல்ஸ் சரியில்லை" என்று எழுதினால் அது மூடப்படாது. மூடினாலும் நீங்கள் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். ஒரு வரியில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: எந்த இடம், என்ன குறை, என்ன செய்ய வேண்டும், முடிந்தது என்று எப்படித் தெரியும். உதாரணம்: "பொது பாத்ரூம், தரை, வாசலிலிருந்து இரண்டாவது வரிசை மூன்றாவது டைல். தட்டினால் பாதிக்கு மேல் பொந்து சத்தம். டைலை எடுத்து முழுப் பரப்பும் ஒட்டும்படி பசை பூசிப் பதிக்கவும். காய்ந்த பின் ஐந்து இடத்தில் தட்டினால் பொந்து சத்தம் வரக் கூடாது." இப்படி வந்தால் மேஸ்திரி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. தரையிலும் அதே எண்ணை நீல டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள். சுவரில் மார்க்கரால் எழுதாதீர்கள், அது பெயின்ட்டைத் துளைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப மேலே வரும்.

டைல்ஸ் விஷயத்தில் முதல் பதிலோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். பாத்ரூம் பற்றி அவர் சொன்னது சரி. ஆனால் ஹால், பெட்ரூம் தரையில் ஒரு மூலையில் மட்டும் பொந்து இருக்கும் டைலைப் பிடிவாதமாக மாற்றச் சொல்லாதீர்கள். அதை உடைத்து எடுக்கும்போது பக்கத்து டைல் விளிம்பு பெயரும். புது டைல் வேறு பேட்சில் வந்தால் நிறம் ஒரு சாயல் மாறி நடு ஹாலில் ஒட்டுப்போட்டதுபோல நிற்கும். பரப்பில் பாதிக்கு மேல் பொந்து, அல்லது மிதித்தால் அசைகிறது, அல்லது சுற்றியுள்ள க்ரௌட் (டைல் இடுக்கை அடைக்கும் பூச்சு) பிளந்திருக்கிறது என்றால் மாற்றுங்கள். மற்றவற்றை எண் போட்டு, "பின்னர் உடைந்தால் மாற்றித் தரப்படும்" என்று எழுதி வாங்குங்கள். கூடவே ஹால் டைலில் ஒரு பெட்டி, ஒவ்வொரு பாத்ரூம் டைலிலும் சில துண்டுகள் அதே பேட்சில் கேளுங்கள். சைட் ஸ்டோரில் மிச்சம் இருக்கும்போது சும்மாவே தருவார்கள். இரண்டு வருஷம் கழித்து அந்த மாடலே கடையில் இருக்காது.

வேலை வரிசையையும் நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்: பிளம்பிங் சோதனை, வாட்டர்ப்ரூஃபிங், டைல்ஸ், பூச்சு, எலக்ட்ரிக்கல், கதவு ஜன்னல், கடைசியில் பெயின்ட். பெயின்ட் முதலில் நடந்தால் டைல் வெட்டும் தூசியில் மறுபடி அடிக்க வேண்டி வரும். இரண்டாவது தடவை அடிக்கும்போது ஒட்டுப்போட்ட மாதிரி திட்டுத் திட்டாகத் தெரியும். அதனால் பெயின்ட் வரிகளில் "மூலையிலிருந்து மூலை வரை முழுச் சுவர்" என்று எழுதுங்கள். ஓதம் பிடித்த சுவரை, காரணம் சரியாகிக் காய்ந்து, ஈரமானி பக்கத்துச் சுவருக்குச் சமமாகக் காட்டும் வரை தொட வேண்டாம் என்று தனியாக எழுதுங்கள். ஈரத்தின் மேல் பட்டி போட்டால் உப்பிப் பெயர்ந்து விழும்.

கதவு ஜன்னல் எட்டில் ஸ்லைடிங் ஜன்னலைப் பிரித்துப் பாருங்கள். கீழ் ட்ராக்கில் தண்ணீர் வெளியேறும் சின்னத் துளைகள் இருக்கும். பூச்சு வேலையில் சிமென்ட் போய் அடைத்திருக்கும். அப்படி இருந்தால் ஐப்பசி கார்த்திகை மழையில் ட்ராக் நிரம்பித் தண்ணீர் நேராக உள்ளே வழியும். வெளியிலிருந்து ஹோஸ் வைத்துப் பத்து நிமிஷம் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஜன்னல் அடிக்கல் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறதா என்பதும் அப்போதே தெரியும். கதவு உரசுவது, தாழ்ப்பாள் இறுக்கம் எல்லாம் ஒரு நாள் வேலை.

ட்ரெய்ன் மெதுவாகப் போகிறது என்றால் ட்ராப்பில் சிமென்ட் கட்டியாகி உட்கார்ந்திருக்கும். ஆசிட் ஊற்றிச் சரி செய்கிறோம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், கம்பி விட்டு எடுக்கச் சொல்லுங்கள். ஏசி ட்ரெய்ன் பைப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு ஏசி பாயின்ட்டிலும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் முழுதும் வெளியே வர வேண்டும். பல ரிப்போர்ட்டில் இது இருப்பதே இல்லை.

---

பெரும்பாக்கம்_2பிஎச்கே

எல்லோருக்கும் மிக்க நன்றி. இன்டீரியரை நிறுத்திவிட்டோம். பட்டியலைப் பிரித்து அனுப்பினோம். பதில் வந்தது:

1. பாண்டிங் டெஸ்ட் வேண்டாம், கீழ்வீட்டில் ஏற்கனவே குடி வந்துவிட்டார்கள், அவர்கள் சீலிங் பாழாகும் என்கிறார்கள்.
2. ஓதத்துக்கு பாத்ரூம் டைல் இடுக்குகளில் எபாக்சி க்ரௌட் போட்டால் போதும், இரண்டே நாள் என்கிறார்கள்.
3. 5% கட்டாமல் சாவி இல்லை, ஹேண்டோவர் கடிதத்தில் "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்று இருக்கிறது.

---

பதில் 4: ரெரா_வாசகர்

மூன்றாவதற்கு மட்டும் சொல்கிறேன்.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (ரெரா), 2016, பிரிவு 14(3): வீட்டைப் பொறுப்பில் ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள், கட்டமைப்புக் குறையையோ, வேலைத்தரம், பொருள் தரம், சேவை ஆகியவற்றில் உள்ள குறையையோ நீங்கள் தெரிவித்தால், பில்டர் கூடுதல் கட்டணம் எதுவும் வாங்காமல் 30 நாட்களுக்குள் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கோரலாம். ஆகவே "மெயின்டனன்ஸில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சை ஏற்க வேண்டாம். மெயின்டனன்ஸ் என்பது நீங்கள் மாதாமாதம் பணம் கட்டுவது. பிரிவு 14(3) பில்டரின் செலவு. இரண்டையும் ஒரே பெயரில் அழைக்க விட்டால் பிறகு சங்கத்தின் கணக்கில் உங்கள் பாத்ரூமைக் கொத்த வேண்டி வரும்.

ஆனால் இந்த ஐந்து ஆண்டு இருக்கிறதே என்று இப்போதே கேட்காமல் விடவும் கூடாது. குறை முதலிலிருந்தே இருந்தது என்று காட்டுவதற்கு உங்களிடம் இருக்கும் சிறந்த சான்று, பொறுப்பை ஏற்கும் முன் எடுத்த இந்த ரிப்போர்ட்தான். அதைச் சாவி வாங்கும் தேதிக்கு முன்பே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். வாட்ஸப்பில் மட்டும் அனுப்பி நிறுத்த வேண்டாம்.

5%-ஐப் பொறுத்தவரை கவனம் தேவை. ஒப்பந்தப்படி தொகை கட்டுவது பிரிவு 19-இன் கீழ் உங்கள் கடமை. தாமதித்தால் வட்டி கேட்கலாம். பொறுப்பை ஏற்பதற்கும் அதே பிரிவில் இரண்டு மாதக் கெடு உண்டு. அதனால் தன்னிச்சையாக நிறுத்தி வைக்காமல், முக்கியக் குறைகளின் பட்டியல் முடியும் வரை ஒரு பகுதியை நிறுத்தி வைப்பதாக இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். ஒத்துவரவில்லை என்றால் பணத்தைக் கட்டிவிட்டு, கடிதத்தின் வாசகத்தை மாற்றுவது பாதுகாப்பானது.

"முழுத் திருப்தியுடன்" என்ற சொற்களை அடித்துவிட்டு இப்படி எழுதலாம்: "இணைப்பு 1-இல் குறிப்பிட்ட குறைகள் நிலுவையில் உள்ள நிலையிலும், பிரிவு 14(3)-இன் கீழ் எனக்குள்ள உரிமைகளை விட்டுக்கொடுக்காமலும், இன்று வீட்டின் பொறுப்பை ஏற்கிறேன்." பட்டியலின் ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்புக் கையெழுத்தும் தேதியும் வேண்டும். அடித்து எழுத விடமாட்டோம் என்றால், அதே வாசகத்தை அன்றே மின்னஞ்சலாக அனுப்புங்கள்.

30 நாள் கடந்தும் வேலை நடக்கவில்லை என்றால், சரிசெய்யச் சொல்லி உத்தரவு வேண்டுவோர் தமிழ்நாடு ரெரா ஆணையத்திடம் பிரிவு 31-இன் கீழ் புகார் தரலாம். பிரிவு 14-இன் கீழான இழப்பீட்டைத் தீர்மானிப்பவர் பிரிவு 71-இன் கீழ் நியமிக்கப்படும் தீர்ப்பு அலுவலர். இரண்டும் தனித்தனி மனு. ஒன்றில் கேட்பதை மற்றொன்றில் கேட்டு நாளைக் கடத்திவிட வேண்டாம்.

---

பதில் 1: கட்டுமானத்_தரம்

முதல் இரண்டுக்கு நான்.

கீழ்வீட்டு சீலிங் பாழாகும் என்று சொல்வதே, கசியும் என்று அவர்களுக்குத் தெரியும் என்று சொல்வதுபோலத்தான். கசியாத தரையில் 25 மி.மீ. தண்ணீர் இரண்டு நாள் நின்றால் எதுவும் ஆகாது. கீழ்வீட்டுக்காரரிடம் நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள். அவர்கள் பாத்ரூமில் ஃபால்ஸ் சீலிங் இருந்தால் ஒரு பலகையைக் கழற்றி வைக்கச் சொல்லி, தண்ணீர் விடும் முன் ஸ்லாப் அடியைப் போட்டோ எடுங்கள். ஸ்லாப்பில் ஏற்கனவே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் டெஸ்ட்டுக்கே அவசியம் இருக்காது, அந்தப் போட்டோவே போதும். தண்ணீர் விட்ட 24 மணி நேரத்தில் ஒரு தடவை, 48-இல் ஒரு தடவை ஸ்லாப் அடியைப் பாருங்கள். ஈரம் தெரிந்த நிமிஷமே தண்ணீரை இறக்கிவிடலாம். அவர்களுக்கும் இது நல்லதுதான்: அவர்கள் சீலிங்கில் சொட்டப் போகும் தண்ணீர், நீங்கள் குடியேறிய பிறகு தினமும் நான்கு குளியலாக இறங்கும்.

எபாக்சி க்ரௌட்டை மறுக்க வேண்டும். டைல் இடுக்கு வழியே இறங்கும் தண்ணீரை அது குறைக்கும், உண்மைதான். ஆனால் ட்ராப்பைச் சுற்றியும் சுவரும் தரையும் சேரும் மூலையிலும் கமோடு பைப் துளையிலும் பிளந்த வாட்டர்ப்ரூஃபிங் படலத்தை அது ஒட்டாது. அதைவிட மோசமான விஷயம், ஏற்கனவே குழிக்குள் நிற்கும் தண்ணீரை மேலே ஆவியாக விடாமல் மூடிவிடும். பிறகு அது போகும் ஒரே வழி உங்கள் பெட்ரூம் சுவர். இரண்டு மாதம் காய்ந்ததுபோல இருந்துவிட்டு, முன்பு ஒரு அடி இருந்த ஓதம் இன்னும் மேலே ஏறிக் காட்டும்.

முதலில் சோதனை எந்தக் காரணத்தைக் காட்டுகிறதோ அதற்கு மட்டும் ரிப்பேர். சப்ளை லைன் என்றால் ஒரு இணைப்பை மாற்றுவதோடு முடியலாம், தரையைத் தொடவே வேண்டாம். தரை என்று உறுதியானால் எழுத வேண்டிய வரி இது: டைலையும் நிரப்பலையும் ஸ்லாப் வரை எடுக்க வேண்டும். ஸ்லாப்பைக் கழுவிக் காயவிட வேண்டும். பைப் ஸ்லாப்பைத் துளைக்கும் ஒவ்வொரு இடத்திலும் சுற்றிக் கொத்தி, சுருங்காத க்ரௌட் ஊற்ற வேண்டும். மூலைகளை நேர்க்கோணமாக விடாமல் வளைவாகப் பூச வேண்டும், ஏனென்றால் படலம் முதலில் பிளப்பது அங்கேதான். வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு, நிறுவனம் சொன்ன அளவில் இரண்டு கோட், ஒன்றுக்கொன்று குறுக்காக. தரை முடிக்கும் மட்டத்திலிருந்து 300 மி.மீ. உயரம் வரை சுவரிலும் ஏற வேண்டும், ஷவர் சுவரில் ஆள் உயரத்துக்கு. வாசற்படி அடியிலும் ஏற வேண்டும். அதைத்தான் மறப்பார்கள், உங்கள் வீட்டில் பெட்ரூம் பக்கம் ஓதம் என்பதால் அங்கே இரண்டு தடவை பாருங்கள்.

பூச்சு காய்ந்த பிறகு, நிரப்பலுக்கு முன்னால் ஒரு பாண்டிங். டைல் போட்ட பிறகு இன்னொன்று. முதலாவதைத் தவிர்க்கப் பார்ப்பார்கள், அதுதான் முக்கியமானது. கசிவு அப்போது தெரிந்தால் பூச்சை மட்டும் ஒட்டலாம், டைலுக்குப் பிறகு தெரிந்தால் மறுபடி எல்லாவற்றையும் கொத்த வேண்டும்.

பதினைந்து நாளில் இது முடியாது. காரணத்தைப் பிரிக்கும் சோதனைகளுக்கே ஒரு வாரத்துக்கு மேல் போகும், பூச்சு காய்வதற்கும் இரண்டு பாண்டிங்குக்கும் தனியாக நாள் வேண்டும். அதனால் தேதியை நீட்டி எழுதிக் கொடுங்கள், அவசரத்தில் கோட்டுக்குக் கோட்டு இடைவெளி விடாமல் அடித்துவிட்டால் படலம் உரிந்துவிடும்.

இன்னும் ஒரு காகிதம்: பைப்பும் கண்டியூட்டும் (வயர் ஓடும் குழாய்) உண்மையில் எங்கே ஓடுகின்றன என்று காட்டும் அஸ்-பில்ட் வரைபடம். இப்போது கேட்டால் ஒரு பிடிஎஃப்தான். அதை வாங்கி இன்டீரியர்காரர் கையில் கொடுத்த பிறகுதான் முதல் துளை.

---

பெரும்பாக்கம்_2பிஎச்கே

கீழ்வீட்டில் பேசிவிட்டோம், ஒத்துக்கொண்டார்கள். பலகையைக் கழற்றிப் பார்த்ததில் எங்கள் கமோடு பைப் ஸ்லாப்பைத் துளைத்து இறங்கும் இடத்தைச் சுற்றி வட்டமாக வெள்ளை உப்புப் பூத்திருக்கிறது. போட்டோ எடுத்து, இணைப்பு 1-இல் முதல் வரியாகச் சேர்த்து இன்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். பெயின்ட் 31-ஐயும் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளியாயிற்று.

---

பதில் 1: கட்டுமானத்_தரம்

வட்டமாக என்றால் துளையைச் சுற்றி அடைத்தது பிரிந்திருக்கிறது என்றே படுகிறது. பிரஷர் டெஸ்ட்டையும் நீல வாளியையும் அதற்காக விட்டுவிடாதீர்கள், சில நேரம் இரண்டு காரணமும் சேர்ந்தே இருக்கும். அந்த வட்டத்தின் விளிம்பைப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் இன்றைய தேதியை எழுதி, இன்னொரு போட்டோ எடுத்து வையுங்கள்.